காலண்டர் அட்டை போட்ட நாவல்

என் கடைப் புத்தகம் ஒன்றின் கடைசித் தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். பதினோரு வருடமாக அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. ஒரு தாள்தானே என்று கேட்கிறவர்கள் புத்தகத்தை வாடகைக்கு விட்டுப் பார்த்ததில்லை. நடுவில் பத்துத் தாள் போனால்கூட வாசகர் தாண்டிப் போய்விடுவார். கடைசித் தாள் போனால் கடை தேடி வந்து திட்டுவார். அப்படி நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. எல்லாம் யாரோ செய்த தப்புக்கு என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் மக்பூல். செங்கம் ரோட்டில் பழைய பேப்பர் கடை. படிப்பு ஆறாவதோடு சரி. ஆசிரமத்துப் பக்கத்து விடுதிகளிலும் வீடுகளிலும் எடைக்குப் போடுகிற காகிதத்தோடு கதைப் புத்தகங்களும் வரும். அவற்றைக் கூழாக்க அனுப்ப மனசு வராமல் என் மனைவி ஜாஹிரா ஒரு இரும்பு ராக்கில் அடுக்கி வைத்தாள். வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள், கொடுத்தோம். எங்கள் நூல்நிலையம் அவ்வளவுதான்.

அந்த நாவல் எங்களிடம் வந்தபோது அட்டை இல்லை. முதல் நாலு பக்கமும் இல்லை. கதையின் பெயர் என்ன, எழுதினவர் யார் என்று ஒன்றும் தெரியாது. மைதாப் பசை காய்ச்சி, ஒரு பழைய தினசரிக் காலண்டரின் அட்டையை வெட்டி நானே ஒட்டினேன். ஒட்டும்போது கடைசித் தாளின் அடியில் ‘முற்றும்’ என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். புத்தகம் முழுசாக இருக்கிறது, அது போதும் என்று வைத்துவிட்டேன். மேலே இருந்ததைப் படிக்கவில்லை. நான் ஒரு பக்கம் படிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

அதை முதலில் எடுத்துக்கொண்டு போனது அடி அண்ணாமலை ஆதிலட்சுமி. ராஜமாணிக்கத்தின் மனைவி. அந்த ராஜமாணிக்கம் போன மாதம் செத்துப்போனார். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ராஜமாணிக்கத்துக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே நிலம். வேர்க்கடலை போடுவார். மற்ற நாளில் அடுத்தவர் டிராக்டர் ஓட்டுவார். நெட்டை ஆள், குரல் மட்டும் ரொம்பக் கம்மி. எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டார். ஒரே மகள் தென்றல். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த எழில் என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. கல்யாணம் ஆன மூன்றாம் நாள் இரண்டு பேரும் வந்து வாசலில் நின்றார்கள். ராஜமாணிக்கம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். உள்ளேயிருந்து ஒரே ஒரு தரம் சொன்னாராம்: “எனக்குப் பொண்ணு இல்ல. போயிடுங்க.” மத்தியானம் வரை நின்றுவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தென்றலின் பேரை யாரும் சொல்லக் கூடாது.

ஆதிலட்சுமி அதற்குப் பிறகுதான் என் கடைக்கு வர ஆரம்பித்தாள். வாரம் ஒரு நாள் தவிடு, புண்ணாக்கு வாங்க டவுனுக்கு வருவாள். போகும்போது ஒரு கதைப் புத்தகம். படித்ததை ராத்திரி சோறு போடும்போது புருஷனுக்குச் சொல்வாள். மகளைப் பற்றிப் பேசத்தான் தடை, கதையில் வருகிற மகளைப் பற்றிப் பேசத் தடை இல்லையே. அவரும் மறுசோறு வாங்கிக்கொண்டு கேட்பாராம். இது எனக்குப் பின்னால் தெரிந்தது.

நாவலின் கதை இதுதான். ஒரு அப்பா. ஒரு மகள். மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்கிறாள், அப்பா வீட்டுக்குள் விடுவதில்லை. அம்மா அவருக்குத் தெரியாமல் மகளுக்கு ஊறுகாய் அனுப்புகிறாள், கடிதம் போடுகிறாள், கடைசியில் நோயில் விழுந்து செத்தும் போகிறாள். சேதி கேட்டு மகள் வருகிறாள். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது, அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஜன்னலில் தெரிகிறது. அவள் கதவைத் தட்டுகிறாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அங்கே முடிகிறது. அடுத்த தாள்தான் கடைசி.

ஒரு வாரம் கழித்து ஆதிலட்சுமி வந்தாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

“பாய், இதுல கடைசித் தாளு காணோம். ஒட்டும்போது உள்ள எங்கனா வுழுந்துச்சா பாருங்களேன்.”

நான் வாங்கிப் பார்த்தேன். தாள் அடியோடு கிழிந்திருந்தது. விளிம்பு புதுசு, வெள்ளையாக இருந்தது.

“யம்மா, ஒட்டினதே நானு. முற்றும்னு போட்டிருந்தத என் கண்ணால பாத்தேன். நீதான் மொதல்ல எடுத்துனு போனே. கிழிச்சிட்டு என்னியே கேக்குறியா?”

“நான் கிழிக்கல பாய். சத்தியமா.”

“அப்ப உங்க ஊட்டு மாடு தின்னுச்சா? கொழந்த மூக்கு தொடைக்க கிழிச்சியா? நல்ல பொம்பளைன்னு குடுத்தா, ச்சே.”

கடையில் ஒருவன் சிரித்தான். அந்த வீட்டில் குழந்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். வாய் போகிற வேகத்தில் வந்துவிட்டது. ஆதிலட்சுமி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் போனவள் கடைப்படியில் நின்றாள்.

“பாய், நீங்க அந்தத் தாள பாத்தேன்னு சொன்னீங்களே. அந்த ஆளு கதவ தெறந்தானா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

“நான் முற்றும்னு மட்டும்தான் பாத்தேன். போம்மா, வேலை இருக்குது.”

அவள் பிறகு கடைக்கு வரவே இல்லை. தவிடு வாங்க வேறு பக்கமாகப் போனாள்.

நான் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போட்டிருக்க வேண்டும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை செய்யும் தமிழ்செல்வி, குறை இருந்தால் பரவாயில்லை என்று எடுத்துப் போனார். திரும்பி வரும்போது கண் வீங்கியிருந்தது. “இப்படி நிறுத்தினா மனுஷன் எப்படி சார் தூங்கறது?” என்று என்னைத் திட்டினார். திட்டிவிட்டு, பின்னால் அட்டையோடு நான் ஒட்டியிருந்த வெற்றுத்தாளில் தானே எழுதிவிட்டுப் போனார்: ‘கதவைத் திறந்தார். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை.’

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. படித்தவர்கள் எல்லாம் முடிவை எழுதினார்கள். தாள் தீர்ந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டைப் பின்னால் வைத்துத் தைத்தேன். அது தீர்ந்து இன்னொன்று. ‘காலண்டர் நாவல்’ என்று கேட்டே வருவார்கள். காலேஜில் படித்த என் மகள் ரூக்ஸார் கதாபாத்திரங்களின் பேரை எல்லாம் போனில் போட்டுத் தேடினாள். அகப்படவில்லை. வேறு பிரதி கிடைக்கும் என்ற ஆசையை விட்டோம்.

பால் சொசைட்டி சக்கரவர்த்தி கொட்டை எழுத்தில் எழுதினான்: ‘திறக்கக் கூடாது. அப்பன் ஊரில் தலை குனிந்தது யாருக்குத் தெரியும்?’ அதற்குக் கீழே பச்சை மையில் ஒரு பெண் கையெழுத்து: ‘உனக்குப் பெண் இருக்கிறதா? இருந்தால் பாவம்.’ சக்கரவர்த்தி மறுபடியும் அந்தப் புத்தகத்தை வாடகைக்கு எடுத்து பதில் எழுதினான்: ‘எனக்கு இரண்டும் பையன்.’ பச்சை மை விடவில்லை: ‘அப்போ மூடு.’ இன்னொருவர் எழுதியிருந்தார்: ‘அம்மாவை ஏன் சாகடித்தீர்கள்? அவர் இருந்தால் சமையல்கட்டு வழியாகக் கூட்டிப் போயிருப்பார்.’ பெயர் போடாத ஒருவர் ஒரு வரியும் எழுதாமல் தன் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒட்டியிருந்தார்.

ஆதிலட்சுமி அடுத்த வருடம் இறந்தாள். மஞ்சள் காமாலை என்றார்கள், ஈரல் கெட்டது என்றார்கள். பதினைந்து நாள். நான் சாவுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஊர் முனையில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு பையன். தென்றலைச் சின்ன வயசில் டவுனில் அப்பாவோடு பார்த்திருக்கிறேன், முகம் அப்படியே இருந்தது.

“மாமா, கிட்ட போய் ஒரு தரம் பாத்துட்டு வந்துடட்டா? நீங்க அப்பாவாண்ட கேளுங்களேன்.”

கேட்டேன். பந்தலில் பத்துப் பேர் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கூடக் கேட்டார்கள். ராஜமாணிக்கம் தலையைத் தூக்கவில்லை. “அவ இந்தப் பந்தலுக்குள்ள வந்தா நான் எழுந்து போயிடுவேன். நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க.” ஒரு தரம்தான் சொன்னார். பாடை ரோட்டில் போனபோது அந்தப் பெண் தொட்டிக்கு அடியிலிருந்தே பார்த்தது. அவர்கள் நிலத்திலேயே, கிணற்று மேட்டுப் பக்கம் அடக்கம் பண்ணினார்கள்.

அதற்குப் பிறகு அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோயிலுக்கு வடக்கே ஒரு செருப்பு ஸ்டாண்டில் வேலைக்கு உட்கார்ந்தார். செருப்பை வாங்கிச் சாக்கில் போட்டு டோக்கன் கொடுப்பது, டோக்கன் வாங்கிச் செருப்பைக் கொடுப்பது. பௌர்ணமிக்கு ஆயிரக்கணக்கில் வரும். ஒரு ஜோடி மாறாது. ஆனால் கிரிவலம் போகிற ஜனத்தில் நூறு பேராவது செருப்பை மறந்து பஸ் ஏறிவிடுவார்கள். அந்தச் செருப்புகளை மறுநாளே தூக்கிக் குப்பையில் கொட்டுவதுதான் எல்லா இடத்திலும் நடப்பது. இவர் மூன்று மாதம் வைத்திருப்பார். முதலாளி கத்துவான். “வருவாங்க” என்பார்.

என் கடைக்கு அவர் வர ஆரம்பித்தது அப்போதுதான். மாதத்துக்கு இரண்டு தரம் வருவார். புத்தகம் எடுக்க மாட்டார்.

“இன்னா பாய், அந்தக் காலண்டர் புக்குல புதுசா யாருனா எழுதினாங்களா?”

பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்து, நாவலைத் திறக்காமல், பின்னால் இருக்கிற நோட்டை மட்டும் புரட்டுவார். புதுசாக எழுதியதை உதடு அசைய வாசிப்பார். தமிழ்செல்வி எழுதிய ‘சாப்பிட்டியா’வை எத்தனையோ தரம் படித்திருப்பார். ஒரு நாள் கேட்டார்: “ஜாஸ்தி பேரு தெறந்தான்னுதான் எழுதுறாங்க. ஏன் பாய்?”

“மனுஷங்க ணா. உன்ன மாதிரியா?” என்றேன்.

அவர் நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கு வாய் நிற்கவில்லை. “ஊரான் செருப்புக்கு மூணு மாசம் காத்துனு இருக்கியே, பெத்த பொண்ணுக்கு மூணு நிமிஷம் இல்ல உனக்கு.”

“செருப்பு தானா எங்கியும் போவல பாய், வுட்டுட்டுப் போனாங்க. அவ தானா போனவ” என்றார். பிறகு, “டீ சொல்லு பாய்” என்றார்.

ஒரு தரம் அவர் போன பிறகு நோட்டில் பென்சிலில் ஒரு வரி கிடந்தது. ‘அவன் திறந்தான். எனக்குத் தெரியும்.’ பேர் இல்லை. அன்றைக்கு நாலு பேர் அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருந்ததால் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்னமோ கடைசித் தாளைப் பார்த்த மாதிரி எழுதுகிறான் பார் என்று ஜாஹிராவிடம் கத்தினேன். அடுத்த வாரம் பார்த்தால் அந்த வரியை ரப்பர் போட்டு அழித்திருந்தது. தாளே நைந்து போகும்படி அழித்திருந்தது.

இந்த வருடம் வெயில் காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து செருப்பு ஸ்டாண்டு முதலாளி போன் செய்தான், “பாயைப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்காரு” என்று. மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் போனேன். கட்டிலில் பாதிதான் இருந்தார். வயிறு மட்டும் பெரிசாக இருந்தது.

“உக்காரு பாய். புக்க எடுத்தாந்தியா?”

“எந்த புக்கு?”

“காலண்டரு.”

“ஏன்ணா, இங்க வந்தும் அதேவா? எடுத்தாரல.”

தலையணைக்கு அடியில் கையை விட்டார். ஆதார் அட்டை வைக்கிற பிளாஸ்டிக் உறை. அட்டைக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு தாள். மடிப்பில் நூல் நூலாக விட்டிருந்தது. பிரித்தேன். அடியில் ‘முற்றும்’. என் மைதாப் பசையின் மஞ்சள் கறை ஒரு ஓரத்தில் அப்படியே இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். “யோவ், நீயா? பத்து வருஷமா என் கடைக்கு வந்து, என் டீய குடிச்சிக்கினு, நீயாய்யா?”

“நான்தான்.”

“அந்த அம்மாவ நாலு பேர் எதுர்ல நான் கேட்ட கேள்வி உனக்குத் தெரியுமா?”

“தெரியும். வூட்டுக்கு வந்து அழுதா. நான் சோறு துண்ணுகினு இருந்தேன்.”

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். ஆதிலட்சுமி தினமும் ராத்திரி அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். கதவைத் தட்டுகிற இடத்தில் நிறுத்தி, “இன்னும் ஒரே தாளுதான். காலைல படிச்சிட்டுச் சொல்றேன். அந்த ஆளு என்ன பண்றான்னு பாக்கலாம்” என்று அவர் முகத்தைப் பார்த்தாளாம். விடியற்காலம் அவள் மாடு கறக்கப் போனபோது இவர் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

“மொத வரியிலயே தெறந்துட்டான் பாய் அவன். அவ படிச்சிருந்தா என்னைய விட்டிருப்பாளா? பாரு, அவனும் உன்ன மாதிரி அப்பன்தானே, அவன் தெறந்தான்ல, நீ ஏன் தெறக்கலன்னு தினமும் கேட்டுக்கினு இருப்பா. அதான் கிழிச்சேன். அடுப்புல போட்டுடலாம்னுதான் மடிச்சு இடுப்புல சொருவினேன்.”

“போட வேண்டியதுதானே.”

“முடியல.”

போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: “சாவறதுக்கு மொத நாளு கேட்டா. அந்தக் கதவு என்னா ஆயிருக்கும்னு. நானு தெரியாதுன்னேன். அவ சொன்னா, தெறந்திருக்க மாட்டான்யா, உன்ன மாதிரிதான் இருந்திருப்பான்னு. அப்ப கூட என் இடுப்புலதான் இருந்துச்சு பாய், இந்தத் தாளு.”

அடிக்கப் போன என் கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது. நானும் அவளை ஒரு கேள்வியோடு படியில் நிற்க வைத்துத் துரத்தினவன்தானே. தாள் என் கையில் இருந்த அன்றைக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் செலவழித்திருந்தால் அவளுக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.

“தென்றலுக்குப் போன் போடட்டா?” என்று கேட்டேன். “நம்பர் யாராண்ட கீது?”

தன் பழைய பட்டன் போனை எடுத்துக் கொடுத்தார். “மோட்டார் மெக்கானிக்னு போட்டிருக்கும் பாரு. அதான் அவ நம்பரு. எட்டு வருஷமா கீது. மோட்டாரே வித்தாச்சு.”

“நீ பேசுறியா?”

“நான் பேசி இன்னா ஆவப் போவுது. அவ கேட்டப்ப எல்லாம் பேசல.” அவர் தாளை என் விரலிலிருந்து இழுத்து, மடிப்பைத் தடவிச் சரிசெய்து, மறுபடியும் என் கையில் வைத்தார்.

“இத ஒட்டிடலாம் ணா. புக்குல ஒட்டிடறேன்” என்றேன்.

“ஒட்டு. ஆனா மொதல்ல ஒரு வேலை கீது. கெணத்து மேட்டுல ஆதிலட்சுமியாண்ட போயி இந்தத் தாள சத்தமா படிச்சுடணும். அவ முடிவு தெரியாமயே போயிட்டா.”

“படிச்சுடறேன் ணா.”

ராஜமாணிக்கத்தின் வீங்கின முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“நீ வேணாம் பாய். நீ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவளே எழுந்து வந்துடுவா. நான் போனப்புறம் தென்றலுக்குப் போன் போடு. என் சாவுக்குன்னு கூப்புடாத. அவ அம்மா பாக்கணும்னு சொன்னான்னு கூப்புடு. யாரும் தடுக்காம நீ கூட நின்னு இட்டுனு போ. அவளையே படிக்கச் சொல்லு.”